கடைசிப் பதினேழு ரன்கள்: 1999 சென்னை டெஸ்டை வீடியோ கேமில் ஆடிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் இந்தியா, பாகிஸ்தான் டெஸ்டின் நான்காம் நாள். 271 ரன்கள் எடுத்தால் வெற்றி. இந்தியா 82 ரன்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்துவிட்டது. அங்கிருந்து சச்சின் டெண்டுல்கரும் நயன் மோங்கியாவும் 136 ரன்கள் சேர்த்தார்கள். முதுகு வலியோடு ஆடிய சச்சின் 136 ரன்களில் ஆட்டமிழந்தபோது ஸ்கோர் 254. இன்னும் 17 ரன்கள், கையில் 3 விக்கெட்டுகள். அடுத்த 4 ரன்களுக்குள் மூன்றும் விழுந்தன. பாகிஸ்தான் 12 ரன்களில் வென்றது. அன்று தோற்ற அணியின் ஊர்க்காரர்கள் எழுந்து நின்று, மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டினார்கள்.

அந்தப் பதினேழு ரன்களை எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் நான் இதைத் தொடங்கினேன். இதுவரை ஆறு முறை ஆடியிருக்கிறேன். இரண்டு முறை வென்றேன். அந்த அனுபவத்தில் கற்றதைப் படிப்படியாகச் சொல்கிறேன். நீங்கள் வேறொரு சர்வதேச ஆட்டத்தை எடுத்துக்கொண்டாலும் முறை இதேதான்.

இதற்கு எந்த விளையாட்டு வேண்டும்? நான்கு வசதிகள் இருந்தால் போதும். முழு நீள டெஸ்ட் ஆட்டம், வீரர்களை நாமே உருவாக்கும் வசதி, ஆடுகளத்தின் தன்மையை மாற்றும் வசதி, ஆட்டத்தை நடுவில் சேமித்து வைக்கும் வசதி. மெல்போர்னின் பிக் ஆண்ட் ஸ்டூடியோஸ் உருவாக்கி 2023இல் வெளிவந்த கிரிக்கெட் 24 இந்த நான்கையும் தருகிறது. நான் ஆடுவது அதில்தான். பழைய கணினி வைத்திருப்பவர்கள் 2006இல் வந்த ஈஏ ஸ்போர்ட்ஸின் கிரிக்கெட் 07ஐ இன்றும் ரசிகர்கள் தொகுத்த அணிகளோடு ஆடுகிறார்கள். கைப்பேசியில் ஆடுபவர்களுக்குச் சென்னை நெக்ஸ்ட்வேவ் நிறுவனத்தின் வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் பழக்கமாக இருக்கும். ஆனால் இங்கே நாம் செய்யப்போகும் நுணுக்கமான மாற்றங்களுக்குக் கணினியோ கேம் கன்சோலோதான் தோது.

ஸ்கோர் அட்டையைப் படியுங்கள்

கன்ட்ரோலரைத் தொடுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். பாகிஸ்தான் 238, இந்தியா 254, பாகிஸ்தான் 286, இந்தியா 258. நான்கு இன்னிங்ஸும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கின்றன. இதிலிருந்தே ஆடுகளத்தைப் பற்றி ஒன்று தெரிகிறது: பேட்டிங் முடியாத களம் அல்ல, ஆனால் யாரும் நிலைத்து நிற்க முடியாத களம். ஆட்டம் முழுவதிலும் இரண்டே சதங்கள். இரண்டாவது இன்னிங்ஸில் ஷாகித் அஃப்ரிடி எடுத்த 141, சச்சினின் 136. அஃப்ரிடியின் பங்கு அணியின் மொத்தத்தில் ஏறக்குறையப் பாதி.

விக்கெட் விழுந்த வரிசையையும் பாருங்கள். பாகிஸ்தானின் இரண்டாவது இன்னிங்ஸ் 4 விக்கெட்டுக்கு 275 என்ற உறுதியான நிலையிலிருந்து 286க்குச் சரிந்தது. வெங்கடேஷ் பிரசாத் 33 ரன்களுக்கு 6 விக்கெட். இந்தியாவின் கடைசி இன்னிங்ஸில் வக்கார் யூனிஸ் புதுப்பந்தில் இரு தொடக்க ஆட்டக்காரர்களையும் 6 ரன்களுக்குள் அனுப்பினார். அணிகள் மெல்லத் தேயவில்லை. நின்றன, பிறகு திடீரெனச் சரிந்தன. நீங்கள் அமைக்கும் ஆட்டத்திலும் இந்தச் சரிவு நிகழ இடம் இருக்க வேண்டும். நான்கு நாளும் ஒரே சீராக ஓடும் ஆட்டம் கிடைத்தால், அமைப்பில் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள்.

இருபத்திரண்டு பேர்

இன்றைய விளையாட்டுகளில் 1999 அணிகள் ஆயத்தமாகக் கிடைக்காது. ரசிகர்கள் உருவாக்கிப் பகிர்ந்த அணிகளைத் தரவிறக்கிக்கொள்ளலாம், அல்லது நீங்களே உருவாக்கலாம். முகமும் சீருடையும் தரவிறக்கியதாக இருக்கட்டும். திறன் அளவுகளை மட்டும் நீங்களே எழுதுங்கள் என்பது என் அறிவுரை. பகிரப்படும் அணிகளில் பெரும்பாலும் ஒரு குறை உண்டு. பிடித்த வீரர்களுக்கு அன்பினால் மதிப்பெண் கூடுதலாகப் போட்டிருப்பார்கள், அதுவும் கடைநிலை ஆட்டக்காரர்களுக்கு. இந்த ஆட்டத்தின் உயிரே இந்தியாவின் கடைசி நான்கு பேரிடம் இருக்கிறது. அவர்கள் நன்றாக ஆடிவிட்டால் பிறகு எதற்காக ஆடுகிறோம்?

இந்திய அணி: சடகோபன் ரமேஷ், லட்சுமண், டிராவிட், சச்சின், கேப்டன் அசாருதீன், கங்குலி, மோங்கியா, கும்ப்ளே, சுனில் ஜோஷி, ஸ்ரீநாத், பிரசாத். பாகிஸ்தான் அணி: சயீத் அன்வர், அஃப்ரிடி, இஜாஸ் அகமது, இன்சமாம், யூசுப் யோகானா, சலீம் மாலிக், மொயின் கான், கேப்டன் வாசிம் அக்ரம், சக்லைன் முஷ்டாக், நதீம் கான், வக்கார்.

அளவுகளை எழுதும்போது வீரரின் பிற்காலப் புகழை மறந்துவிடுங்கள். லட்சுமண் அன்று 2001 கொல்கத்தா டெஸ்டில் 281 ரன்கள் குவித்த லட்சுமண் ஆகவில்லை. தொடக்க ஆட்டக்காரராக இடம் தேடிக்கொண்டிருந்த இளைஞர். ரமேஷுக்கு அது முதல் டெஸ்ட், அதுவும் சொந்த ஊரில். கும்ப்ளே டெஸ்டில் சதம் அடித்தது உண்மைதான், ஆனால் அது 2007இல், ஓவலில். நூற்றுக்கு என்ற கணக்கில் சச்சினின் பேட்டிங்குக்கு நான் 95 கொடுத்தேன். டிராவிட், அசாருதீன், கங்குலி ஆகியோருக்கு எண்பதுகளின் நடுவில், மோங்கியாவுக்கு 62. ஜோஷி 38, கும்ப்ளே 33, ஸ்ரீநாத் 28, பிரசாத் 12. பிரசாத்துக்குப் பன்னிரண்டு என்று எழுத மனம் வரவில்லைதான். ஆனால் அந்த எண்தான் எதிர்முனையில் நிற்கும் உங்களைச் சரியான பதற்றத்தில் வைத்திருக்கும்.

பந்துவீச்சாளர்களுக்கு எண்ணைவிடக் குணம் முக்கியம். கும்ப்ளேயைச் சாதாரண லெக் ஸ்பின்னராக அமைத்தால் அவர் காணாமல் போய்விடுவார். வேகத்தைக் கூட்டி, சுழலைக் குறைத்து, துல்லியத்தை உச்சத்தில் வையுங்கள். எழும்பும் பந்துதான் அவருடைய ஆயுதம். சக்லைனுக்கு ஆஃப் ஸ்பின்னோடு எதிர்த்திசையில் திரும்பும் தூஸ்ரா கட்டாயம் வேண்டும். இரு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் எடுத்தவர் அவர். முதல் இன்னிங்ஸில் சச்சினை ரன் எடுக்க விடாமலே அனுப்பினார். வக்காருக்கு வேகமான யார்க்கரும் பழைய பந்தின் ரிவர்ஸ் ஸ்விங்கும். அக்ரமுக்கு இடக்கை வேகமும் இருபுற ஸ்விங்கும். டிராவிடின் ஸ்டம்பைச் சாய்த்த பந்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிரசாத்தை வேகப்பந்து வீச்சாளராக வைக்காதீர்கள். மிதவேகம், தரையில் பட்டதும் வலக்கை ஆட்டக்காரரை விட்டு வெளியே விலகும் லெக் கட்டர், வேகம் குறைந்த பந்து.

களமும் விதிகளும்

ஜனவரிச் சென்னை என்பதால் வானம் தெளிவு, மழை வாய்ப்பு முற்றிலும் இல்லை. ஆடுகளத்தை உலர்ந்ததாகவும் நடுத்தரக் கடினத்தன்மை கொண்டதாகவும் வைத்து, நாள் செல்லச் செல்லத் தேயும்படி அமையுங்கள். முதல் நாளே தூசி பறக்கும் களத்தைத் தேர்ந்தால் ஆட்டம் இரண்டு நாளில் முடிந்துவிடும். என் முதல் முயற்சி அப்படித்தான் போனது. மைதானத்துக்கு யாராவது உருவாக்கிப் பகிர்ந்த சேப்பாக்கம் கிடைத்தால் நல்லது. 2011 புதுப்பிப்புக்கு முந்திய பழைய சேப்பாக்கம் கிடைத்தால் மிக நல்லது.

நடுவரின் தீர்ப்பை எதிர்த்து அணிகள் முறையிடும் டிஆர்எஸ் மறுபரிசீலனையை அணைத்துவிடுங்கள். 1999இல் அது கிடையாது. நடுவர் தவறிழைக்கும் வாய்ப்பை அமைக்க முடிந்தால் சிறிதளவு வையுங்கள். தொழில்நுட்பத்தின் துணையில்லாமல் ஒரு தவறான தீர்ப்பை விழுங்கிக்கொண்டு நடப்பதும் அந்தக் காலத்து டெஸ்டின் பகுதிதான். ஒரு நாளுக்கு 90 ஓவர், 80 ஓவருக்குப் பிறகு புதிய பந்து. பந்து விழும் இடத்தைக் காட்டும் குறி, பந்தின் வகையைச் சொல்லும் நிறக்குறி இரண்டையும் நீக்குங்கள். தூஸ்ராவைத் திரை உங்களுக்கு அறிவித்துவிட்டால் சக்லைன் என்ற பந்துவீச்சாளரே அங்கில்லை.

கடினநிலையை அளப்பது

பலரும் அவசரப்படுகிற இடம் இது. கடினநிலையைப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், ரன் விகிதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இந்தியா கடைசி இன்னிங்ஸில் ஏறக்குறைய 95 ஓவர்களில் 258 எடுத்தது. ஓவருக்குச் சுமார் 2.7 ரன்கள்.

அதே அணிகள், அதே களத்தோடு ஒரு பயிற்சி ஆட்டம் தொடங்கி 20 ஓவர் பேட்டிங் செய்யுங்கள். பொறுமையாக ஆடியும் 90 ரன்கள் வந்துவிட்டால் நிலை எளிது. களத்தடுப்பாளர்களின் வேகத்தையும் பந்துவீச்சின் துல்லியத்தையும் கூட்டுங்கள், பேட்டிங்கில் பந்தைச் சந்திக்கும் நேர அளவைச் சுருக்குங்கள். 30 ரன்னுக்கு 5 விக்கெட் போனால் அதைச் சற்றுத் தளர்த்துங்கள். 50 முதல் 60 ரன்களுக்கு இரண்டு மூன்று விக்கெட் என்ற நிலை வரும்வரை இதைச் செய்துகொண்டே இருங்கள். எனக்கு நான்கு மாலைகள் பிடித்தன. ஒரு முறையில் ஒரே ஓர் அளவை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பிறகு இதே சோதனையைப் பந்துவீச்சிலும் செய்யுங்கள். பேட்டிங் கடினமாகவும் பந்துவீச்சு எளிதாகவும் இருந்தால் பாகிஸ்தானை 120க்குச் சுருட்டிவிடுவீர்கள். துரத்த ஒன்றும் இருக்காது.

முழு ஆட்டமா, கடைசி இன்னிங்ஸ் மட்டுமா?

முழு ஆட்டத்தையும் முதல் பந்திலிருந்து ஆடுவதே சிறந்தது. அப்படி ஆடினால் இலக்கு 271 ஆக அமையாது. 230 வரலாம், 340 வரலாம். அதை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பிழையால் கூடிய இலக்கை நீங்களே துரத்துவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

நேரம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முதல் மூன்று இன்னிங்ஸையும் கணினியே ஆடி முடிக்கும்படி விடுங்கள். இலக்கு 271ஐவிடக் கூடுதலாக வரும்வரை புதிதாகத் தொடங்குங்கள். 300 வந்தால் போதும். இப்போது நீங்கள் பேட்டிங் செய்யுங்கள், ஆனால் தாளில் 271 என்று எழுதி எதிரே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோர் 271ஐத் தொட்டால் ஆட்டம் உங்களுடையது, திரை என்ன சொன்னாலும்.

எந்த வழியானாலும் ஒரு விதியை மீறக் கூடாது. விக்கெட் விழுந்த பிறகு பழைய சேமிப்புக்குத் திரும்பிப் போகக் கூடாது. உணவு இடைவேளை, தேநீர் இடைவேளை, நாள் முடிவு ஆகிய மூன்று நேரங்களில் மட்டும் சேமியுங்கள்; ஒரே சேமிப்பின் மேலேயே மறுபடி எழுதுங்கள். அன்று சேப்பாக்கத்தில் யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு கிடைக்கவில்லை. இந்த ஒரு விதியை விட்டுவிட்டால் மேலே சொன்ன அத்தனை உழைப்பும் வீண்.

பந்துவீசும்போது

கணினி ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான பந்துகளுக்குப் பழகிவிடுவார்கள், பிறகு அடிக்கத் தொடங்குவார்கள். எனவே ஓர் ஓவரைத் திட்டமாக யோசியுங்கள். கும்ப்ளேயின் ஓவரில் நான்கு பந்துகள் ஒரே நீளத்தில், ஆஃப் ஸ்டம்பைக் குறிவைத்து. ஐந்தாவது சற்று முன்னால், வேகமாக. சிலிப்பும் ஷார்ட் லெக்கும் எப்போதும் இருக்கட்டும். முதல் இன்னிங்ஸில் கும்ப்ளே 70 ரன்களுக்கு 6 விக்கெட் எடுத்தது இத்தகைய இடைவிடாத அழுத்தத்தால்தான்.

அஃப்ரிடியை என்ன செய்வது? அவர் அடிப்பார். எல்லைக்கோட்டில் எல்லோரையும் பரப்பிவிட்டால் ஒற்றை ரன்களாலேயே நூறு எடுப்பார். நான் மிட் ஆஃபையும் மிட் ஆனையும் உள்ளே வைத்து, டீப் மிட் விக்கெட்டில் ஒருவரை மட்டும் நிறுத்தி, தூக்கி அடிக்க அழைப்பேன். சில நாட்களில் அதற்கு நான் பெரும் விலை கொடுத்தேன். அந்த டெஸ்டிலும் இந்தியா அவருக்கு விலை கொடுத்ததுதானே.

பிரசாத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பந்து பழையதானதும், களத்தில் வெடிப்பு தெரிந்ததும், கீழ்வரிசை வந்ததும் அவரிடம் கொடுங்கள். லெக் கட்டரை ஸ்டம்புக்குள் வீசுங்கள், வெளியே வீசி ஏமாற்றப் பார்க்காதீர்கள். பந்தை விடுவிக்கும் நொடி துல்லியமாக அமைவது வேகத்தைவிட முக்கியம்.

நான்காவது இன்னிங்ஸ்

வக்காரின் முதல் ஆறு ஓவர்களில் ரன்னைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விடுவதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. பலரும் அதைத் தொட்டதே இல்லை. இங்கே அதுதான் உங்கள் முதல் ஆயுதம். முன்காலில் தற்காப்பு, உடலுக்கு அருகில் மட்டை. புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு பந்துகள் கொடுங்கள். ஆட்டக்காரரின் நம்பிக்கை அளவு ஏறும்வரை டிரைவ் கிடையாது.

சக்லைன் வந்ததும் ஆட்டம் மாறும். குறிகளை அணைத்திருப்பதால் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது கையைப் பார்த்தால்தான் தெரியும். கேமராவை மட்டையாளரின் பின்புறத்துக்கு மாற்றிக்கொண்டால் மணிக்கட்டு தெளிவாகத் தெரியும். சந்தேகம் வந்தால் பின்காலுக்குப் போய், பந்து திரும்பிய பிறகு ஆடுங்கள். இதில் எல்பிடபிள்யூ அபாயம் உண்டு. முன்காலை நீட்டினால் ஷார்ட் லெக்கில் பிடிபடும் அபாயம். எனக்கு ஒத்துவந்தது நேரான மட்டையோடு பின்காலில் காத்திருப்பது, மிகக் குட்டையாக விழும் பந்தை மட்டும் மிட் விக்கெட்டுக்குத் தள்ளி ஒரு ரன் எடுப்பது. ஸ்வீப் ஆசை காட்டும். தொடர்ந்து இருமுறை ஸ்வீப் ஆடினால் மூன்றாவது பந்து தூஸ்ரா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து விக்கெட்டுகள் போன பிறகு பெரும்பாலோர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவார்கள். உண்மையான ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு முனையில் நல்ல ஆட்டக்காரர், மறுமுனையில் மோங்கியா. அன்று மோங்கியா எடுத்த 52ஐ யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் கையில் கன்ட்ரோலரோடு இரண்டு மணி நேரம் அவரை நிற்க வைத்துப் பாருங்கள், அந்த ஐம்பத்திரண்டின் எடை தெரியும். அவரைக் கொண்டு பவுண்டரி தேடாதீர்கள். வேகப்பந்து வீச்சில் மூன்றாவது சிலிப்புக்கும் பாயிண்டுக்கும் இடையே மென்மையாகத் திருப்பிவிட்டு முனை மாற்றுவதே அவர் வேலை. பத்துப் பத்து ரன்களாகத் தாளில் கோடு போட்டுக்கொண்டே போங்கள். 82லிருந்து 92, அங்கிருந்து 102. பெரிய எண்ணைப் பார்த்தால் கை பதறும்.

கடைசி மூன்று விக்கெட்டுகள்

சச்சின் சக்லைனின் பந்தைத் தூக்கி அடிக்க முயன்று அக்ரமிடம் பிடி கொடுத்தார். இந்த இடத்துக்கு வரும்போது உங்களுக்கும் அதே அடியை அடிக்கத் தோன்றும். எனக்கு மூன்று முறை தோன்றியது. மூன்று முறையும் அடித்தேன். ஒரே ஒரு முறை எல்லைக்கோட்டைத் தாண்டியது. மற்ற இரு முறையும் அந்த அடிதான் தோல்விக்குக் காரணம். அவர் ஏன் அடித்தார் என்று நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன், ஆடிய பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சுற்றிலும் நெருங்கி நிற்கும் களத்தடுப்பாளர்கள், எதிர்முனையில் ஜோஷி, ஒரே அடியில் நான்கு ரன்கள் கழிந்துவிடும் என்ற கணக்கு. எல்லாம் சேர்ந்து கையைத் தள்ளுகின்றன.

நிலைத்த ஆட்டக்காரர் போன பிறகு ஓவரின் கணக்கு மட்டுமே காப்பாற்றும். சக்லைனின் ஆறு பந்துகளை யார் சந்திக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே திட்டமிடுங்கள். ஐந்தாவது அல்லது ஆறாவது பந்தில் ஒற்றை ரன், அடுத்த ஓவரிலும் ஜோஷியே எதிர்கொள்ள வேண்டும். கும்ப்ளே அக்ரமை எதிர்கொள்ளும்போது மட்டையைக் காலுக்கு முன்னே இறக்குங்கள். அன்று அவர் அக்ரமிடம் எல்பிடபிள்யூ ஆனார். ஸ்ரீநாத்தைக் கொண்டு பெரிய அடி அடிக்கலாமா? நான் வென்ற இரு முறைகளில் ஒன்றில் அவருடைய கண்மூடித்தனமான ஒரு நான்குதான் பாதையைத் திறந்தது. ஆனால் அது திட்டம் ஆகாது. தேவை 5 ரன்களுக்குக் கீழே வந்த பிறகே அதை முயலுங்கள்.

பிரசாத் களத்துக்கு வரும் நிலை வந்தால், அவர் ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் முடிக்கப் பாருங்கள். இரண்டாவது ரன்னுக்கு ஓடும் முன் களத்தடுப்பாளரின் கையைப் பாருங்கள். பதற்றத்தில் ரன் அவுட் ஆவதே இங்கே அதிகம்.

அடுத்து ஆட விரும்புபவர்களுக்கு இரண்டு ஆட்டங்களைச் சொல்லலாம். ஒன்று 2001 கொல்கத்தா. முதல் இன்னிங்ஸில் பெரிதும் பின்தங்கி, உடனே மறுபடி பேட்டிங் செய்ய வேண்டிய ஃபாலோ ஆன் பெற்ற பிறகு லட்சுமண் 281, டிராவிட் 180, இருவரும் சேர்த்த 376. அங்கே களத்தை உலர்த்தக் கூடாது, நான்காம் நாள்வரை பேட்டிங்குக்கு நல்லதாகவே வைத்து ஐந்தாம் நாள் மட்டும் சுழல விட வேண்டும். மற்றொன்று மறுபடியும் சேப்பாக்கம்: 1986இல் ஆஸ்திரேலியாவோடு இரு அணிகளின் மொத்த ரன்களும் சமமாகி ‘டை’ ஆன டெஸ்ட், இலக்கு 348. டீன் ஜோன்ஸின் 210ஐ ஆட வேண்டுமானால் ஆட்டக்காரர்களின் களைப்பு அளவை உச்சத்தில் வையுங்கள்.

ஆனால் அதற்கு முன் இதே 1999 ஆட்டத்தை ஒரு முறை பாகிஸ்தான் பக்கமிருந்து ஆடிப் பாருங்கள். இந்தியா 6 விக்கெட்டுக்கு 250. சச்சின் நிற்கிறார், அரங்கமே அவர் பெயரைக் கத்துகிறது. பந்து சக்லைன் கையில், கேப்டன் நீங்கள். மிட் ஆஃபை உள்ளே வைப்பதா, எல்லைக்கோட்டுக்கு அனுப்புவதா என்பதை முடிவு செய்துவிட்டுப் பந்துவீச ஓடிவரத் தொடங்குங்கள்.